லவெல் ஹாட்சின் கரடித் தேர்வு

எங்கள் ஊரில் கைத்துப்பாக்கிக் குண்டு குறி தவறினால் அதற்குக் காரணம் மூன்றுதான். குழல் நுனியில் இருக்கும் குறிமுள் கோணல், தோட்டா மட்டமானது, காற்று. சுட்டவர் காரணமாக இருந்ததாக ஐடஹோ மாநிலத்தில் இதுவரை தகவல் இல்லை.

என் அறைத் தோழன் டாலின் இந்தக் கொள்கையில் ஊறியவன். ஒரே வருஷத்தில் மூன்று பிஸ்டல் மாற்றினான். முதலாவதில் குண்டு இலக்குக்குக் கீழே, இடப்பக்கம் போனது. குறிமுள் கோணல் என்று விற்றுவிட்டான். இரண்டாவதிலும் கீழே, இடப்பக்கம். பிடி தன் கைக்குப் பெரிது என்று விற்றான். மூன்றாவதும் தன் முன்னோர்கள் போன பாதையிலேயே போனபோது, தொழிற்சாலையில் அன்றைக்கு யாரோ அசட்டையாக இருந்திருக்கிறார்கள் என்றான். அந்த ஆள் மூன்று தொழிற்சாலையிலும் வேலை பார்த்தாரா என்று கேட்டேன். சாப்பாட்டு நேரம் வரை என்னோடு பேசவில்லை.

உண்மையான காரணம் அவனுடைய காதலி மெக்கெல் ஹாட்சுக்குத் தெரியும். அவள் பல் விழுந்து முளைத்த வயதிலிருந்து சுடுகிறவள்.

"விசையை அழுத்தறதுக்கு முன்னாடியே நீ பயந்துக்கற டாலின். சத்தம் வரப்போகுதுன்னு தெரிஞ்சதும் மணிக்கட்டு தானா கீழ குனியுது."

"எனக்கா? பயமா?"

"கண்ணையும் மூடிக்கற."

"அது சிமிட்டறது. மனுஷன்னா சிமிட்டுவான்."

மெக்கெல் இதையெல்லாம் உரிமையோடு சொல்லலாம். அடுத்த கோடையில் இருவருக்கும் கல்யாணம் என்று அவர்களே முடிவு செய்திருந்தார்கள். அவளுடைய அம்மா சம்மதித்துக் கேக் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அப்பா லவெல் ஹாட்சும் மறுக்கவில்லை. ஆனால் அவர் மறுக்காமல் இருப்பதற்கும் ஏற்றுக்கொள்வதற்கும் நடுவில் ஒரு மலை இருந்தது. அந்த மலையில்தான் ஒவ்வொரு அக்டோபரும் அவருடைய மான்வேட்டை முகாம் நடக்கும்.

முகாமுக்குப் போனவர் குடும்பத்து ஆள். போகாதவர், பாதிரியாரே முன்னின்று நடத்தி வைத்த கல்யாணமானாலும், வெளியாள். மூத்த மாப்பிள்ளை ரஸ்டனைப் பார்த்தால் புரியும். பல் மருத்துவர், நல்ல மனிதர், இரண்டு குழந்தைக்குத் தகப்பன். லவெல் அவரை இன்றுவரை "அந்தப் பல்லு டாக்டர் பையன்" என்றுதான் சொல்கிறார். நவம்பர் மாத நன்றித் திருநாள் விருந்தில் பெரியவர்கள் எல்லாம் நீள மேஜையில் வான்கோழி வெட்ட, ரஸ்டனுக்குக் குழந்தைகளின் பிளாஸ்டிக் மேஜையில் இடம். முழங்கால் தாடையில் இடிக்கும்.

"அந்தச் சின்ன நாற்காலி என் கனவுல வருதுடா," என்பான் டாலின். "மஞ்சக் கலர். முதுகுல வாத்து படம்."

முகாமுக்கு நுழைவுத் தேர்வு உண்டு. செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, ஊருக்கு வெளியே சரளைக்கல் வெட்டிய பள்ளத்தில், லவெலின் பெரிய ரிவால்வரால் தொங்கும் இரும்புத் தட்டை ஆறில் மூன்று முறை அடிக்க வேண்டும். மானை ரைஃபிளால்தானே சுடுகிறோம், ரிவால்வர் எதற்கு என்று ஒரு முறை கேட்டுவிட்டேன்.

"ராத்திரி கூடாரத்துக்குள்ள கரடி வந்தா?" என்றார் லவெல்.

"வந்திருக்கா சார்?"

"இதுவரைக்கும் வரல. ஏன் வரல? நாங்க தயாரா இருக்கறது அதுக்குத் தெரியும்."

போன வருஷத் தேர்வில் டாலின் ஆறுக்குப் பூஜ்யம். கரடி தட்டுக்குக் கீழே, இடப்பக்கமாக வந்திருந்தால் பிழைத்திருக்காது. இதுதான் இரண்டாவது வாய்ப்பு. மூன்றாவது வாய்ப்பு தரும் வழக்கம் ஹாட்ச் வீட்டில் இல்லை.

அன்று காலை பள்ளத்தில் நாங்கள் நால்வர்தான். லவெல், மெக்கெல், டாலின், நான். பிக்கப் வண்டியின் பின்கதவை இறக்கி, கம்பளி விரித்து, அவரவர் கொண்டுவந்த துப்பாக்கியைப் பரப்பினோம். எங்கள் பக்கத்தில் இது ஒரு பந்தி. கொண்டுவந்தவர் அடுத்தவருக்குப் பரிமாற வேண்டும், அடுத்தவர் மறுக்கக் கூடாது, சுட்டு முடித்ததும் ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். "விசை வெண்ணெய் மாதிரி இருக்கு" என்றால் போதும். பிடிக்காவிட்டால் "வித்தியாசமா இருக்கு" என்பார்கள்.

என்னுடையதை லவெல் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். சின்னத் தோட்டா போடுகிற மெல்லிய பிஸ்டல்.

"கிம்பல், இது எதுக்கு? அணில் கடன் கேட்டு வந்தா காட்டறதுக்கா?"

"காகிதத்துல ஓட்டை போடும் சார்."

"வித்தியாசமா இருக்கு," என்று கீழே வைத்தார்.

டாலினின் மூன்றாவது பிஸ்டலை நான் சுட்டேன். தகர டப்பா துள்ளி விழுந்தது. அதே பிஸ்டலை மெக்கெல் சுட்டாள். மூன்று டப்பா துள்ளின. டாலின் வாங்கிச் சுட்டான். டப்பாவுக்குக் கீழே, இடப்பக்கம், மண் துள்ளியது.

"பாத்தியா, உன் கையில சூடாயி கோணிக்கிச்சு," என்றான் அவளிடம்.

லவெல் மட்டும் சுடவில்லை. அவர் சுட்டு நான் பார்த்ததே இல்லை. பழைய கதைகள் கேட்டிருக்கிறேன். "நான் சுட ஆரம்பிச்சா உங்களுக்குத் தட்டு மிஞ்சாது" என்று சொல்லி, எங்கள் ஊர் வழக்கப்படி தேங்காய்ப்பால் கலந்த சோடாவை வாளி போன்ற கோப்பையில் உறிஞ்சியபடி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தோட்டாக்கள் அவர் கையால் செய்தவை. வீட்டுக் கராஜில் அதற்கென்று ஒரு மேஜை, தராசு, அமுக்கும் கருவி எல்லாம் உண்டு. வெடிமருந்தைக் குங்குமப்பூப் போல நிறுத்துப் போடுவார். தன் தோட்டா ஒன்று கூட வெடிக்காமல் போனதில்லை என்பது அவருடைய பெருமை. இதைத் துக்க வீட்டில் கூடச் சொல்லியிருக்கிறார்.

அந்த மேஜையில்தான் அன்று காலை மெக்கெல் ஒரு காரியம் செய்திருந்தாள். மருந்து போடாமல் ஒரு தோட்டா. பார்வைக்கு அசல் மாதிரியே இருக்கும், வெடிக்காது. ஊமைத் தோட்டா. சுடுகிறவனுக்குத் தெரியாமல் மற்றவற்றோடு சேர்த்துப் போட்டுவிட வேண்டும். அதன் முறை வரும்போது சத்தமும் உதைப்பும் இருக்காது. கை மட்டும் பயத்தில் தலைகுனிந்து கும்பிடு போடும். பழி போடத் துப்பாக்கியும் இல்லை, தோட்டாவும் இல்லை. ஒரு முறை தன் மணிக்கட்டைத் தானே பார்த்துவிட்டால் ஆள் திருந்துவான். எங்கள் ஊரில் தெரிந்த ஒரே வைத்தியம் இது.

"தேர்வுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு பழகிக்க," என்று மெக்கெல் அப்பாவின் ரிவால்வரில் ஆறு தோட்டா போட்டு, உருளையைச் சுற்றிவிட்டு மூடினாள். என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். டாலின் வாங்கினான். காதை மூடினோம். கண்ணாடி மாட்டினோம். டாலின் காலை அகற்றி, மூச்சை இழுத்து, கண்ணை ஏற்கெனவே பாதி மூடி, ரிவால்வரை உயர்த்தினான்.

"நிறுத்து, நிறுத்து!" லவெல் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். "இதென்ன பிடி? பால் கறக்கப் போறியா? குடு இங்க."

ரிவால்வரை வாங்கிக்கொண்டார். மெக்கெல் வாயைத் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, தன் சோடாக் கோப்பையின் குழலை வாயில் வைத்துக்கொண்டாள்.

"பாத்துக்க தம்பி. தோள் இப்படி. மூச்சு பாதி. அப்புறம் சும்மா நினைச்சா போதும், அதுவா வெடிக்கணும்."

வெடித்தது. பள்ளம் முழுக்க அதிர்ந்தது. தட்டு அசையவில்லை. தட்டுக்குக் கீழே, இடப்பக்கம், மண் துள்ளியது.

லவெல் அந்த மண்ணை ஒரு முறை உற்றுப் பார்த்தார்.

"இது மண்ணு எப்படி இருக்குன்னு பாக்கறதுக்கு," என்றார் லவெல். "இப்பப் பாரு."

மறுபடி குறி வைத்தார். விசையை அழுத்தினார்.

டிக்.

சத்தம் அவ்வளவுதான். ஆனால் லவெல் ஹாட்சின் இரண்டு கையும், மாவட்டத்திலேயே மிகப் பெரிய அந்த ரிவால்வரும், ஒரு சாண் கீழே குனிந்து வணக்கம் சொல்லின. தோள் முன்னுக்கு வந்தது. கண்கள் இறுக மூடியிருந்தன. சிமிட்டல் என்று சொல்ல முடியாது, தூக்கம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இதோடு முடிந்திருந்தால் எல்லோரும் வேறு பக்கம் திரும்பியிருப்போம். ஆனால் தோட்டா வெடிக்காவிட்டால் சில சமயம் தாமதமாக வெடிக்கும். அதனால் துப்பாக்கியை இலக்கை நோக்கியே அரை நிமிஷம் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். இந்த விதியை எங்களுக்கு அடித்து அடித்துப் பழக்கியவர் லவெல். ஆகவே அவர் பிடித்திருந்தார். சிலை போல, மண்ணை நோக்கிக் குனிந்த ரிவால்வரோடு, தன் விதிக்குக் கட்டுப்பட்டு. நாங்களும் விதிப்படி அசையாமல் நின்று பார்த்தோம். பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை.

என் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தும்மல் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

டாலினின் முகத்தைப் பார்த்தேன். மஞ்சள் நாற்காலி அவன் கண்ணில் ஓடியது. மட்டத் தோட்டா என்று சொன்னால் லவெலின் தராசைக் குறை சொன்னதாகும். குறிமுள் கோணல் என்றால் ரிவால்வர் அவருடையது. உண்மையைச் சொன்னால் கதை முடிந்தது. பள்ளத்தின் ஓரத்தில் நட்டிருந்த சிவப்புக் கொடி, நேற்றுத் துவைத்துப் போட்ட காலுறை மாதிரி கம்பத்தோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

டாலின் தொண்டையைச் செருமினான்.

"காத்து, சார்."

லவெல் திரும்பவில்லை. நேரம் முடியவில்லை அல்லவா. முதுகை எங்களுக்குக் காட்டியபடியே கேட்டார்.

"என்ன?"

"காத்து சார். அந்தப் பக்கத்துலேருந்து ஒரு அடி அடிச்சுது. என் தொப்பியே போயிருக்கும்."

தோட்டா வெடிக்கவில்லை. குண்டு கிளம்பவே இல்லை. கிளம்பாத குண்டைக் காற்று எங்கே கொண்டுபோகும் என்று கல்லூரியில் இயற்பியல் படிக்கிறவன் கேட்கலாம். டாலின் படிப்பது இயற்பியல்தான்.

"ஆமா," என்றார் லவெல், யோசித்து. "இந்த நேரத்துக்குக் கணவாயிலேருந்து அப்படித்தான் வரும். கையையே தள்ளிடும்."

நேரம் முடிந்தது. உருளையைத் திறந்து அந்தத் தோட்டாவை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். மருந்தை நிறுத்தே பழகிய கை, அதற்குத் தராசு வேண்டாம். காதருகே ஆட்டினார். மெல்ல மகளைப் பார்த்தார். மெக்கெல் சோடா தீர்ந்த பிறகும் குழலை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். தோட்டாவைச் சட்டைப் பையில் போட்டுப் பித்தானை மாட்டினார்.

"தம்பி, அக்டோபர்ல விடியறதுக்கு முன்னாடி கிளம்புவோம். கம்பளிக் காலுறை எடுத்துக்க."

"சார், நான் இன்னும் சுடவே இல்லையே?"

"இந்தக் காத்துல சுட்டு என்ன ஆகப்போகுது?"

மெக்கெல் ரிவால்வரை எடுத்து மீதி நான்கையும் சுட்டாள். டங், டங், டங், டங். தட்டு தலைகீழாகச் சுற்றிச் சங்கிலியில் சிக்கிக்கொண்டது.

"நல்லவேளை, காத்து நின்னுடுச்சு," என்றார் லவெல்.

"இப்பத்தான் சார் நின்னுது," என்றான் டாலின்.

பிறகு லவெல் என் பக்கம் திரும்பினார். "கிம்பல், நீயும் முகாமுக்கு வர்றதா இருந்தியே, அக்டோபர்ல உனக்குக் காலேஜ்ல பரீட்சை இருக்குமே?"

"இல்ல சார்."

"இருக்கும். போய்ப் பாரு."

திரும்பி வரும்போது வண்டியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். நான் அடக்கிவைத்திருந்த சிரிப்பையெல்லாம் அவிழ்த்துவிட்டேன்.

"டேய், அந்த மணிக்கட்டைப் பாத்தியா?"

"எந்த மணிக்கட்டு?"

"நம்ம ரெண்டு பேர்தானடா இருக்கோம்!"

டாலின் சாலையைப் பார்த்தபடி ஓட்டினான். "காத்து அடிச்சுது கிம். நீ கவனிக்கல." வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டான், காற்று உள்ளே வராமல் இருக்க.

நவம்பரில் ஹாட்ச் வீட்டு விருந்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். டாலின் நீள மேஜையில், லவெலுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து, முகாமுக்கு ஏன் கரடி வரவில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தான். எனக்கு மஞ்சள் நாற்காலி. வாத்துக்கு ஒரு கண் உதிர்ந்திருந்தது. பக்கத்தில் முழங்கால் தாடையில் இடிக்க ரஸ்டன், மகனுக்கு உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தார்.

"நீ என்ன பண்ணின?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சிரிச்சுட்டேன் டாக்டர். நீங்க? எத்தனை தவற விட்டீங்க?"

"தவறவா? ஆறும் அடிச்சேன்."

"ஆறுமா? அவர் என்ன சொன்னார்?"

ரஸ்டன் நீள மேஜையை ஒரு முறை பார்த்துவிட்டு, கிழங்கில் வெண்ணெய் வைத்தார்.

"அன்னிக்குக் காத்தே இல்லையாம். அதனால அது கணக்குல வராதாம்."