டைனோசர் மூக்கின் நான்கு மில்லிமீட்டர்

பொம்மை ஒரு சாண் உயரம். இரண்டு காலில் நிற்கும் டைனோசர். வால் தரையைத் தொடாது, காலுக்கடியில் தாங்குபலகையும் கிடையாது. பொம்மை சேகரிக்கிறவர்கள் போட்டி போட்டுக்கொண்டு கேட்பது அந்த நிற்பு ஒன்றுக்காகத்தான். மொத்தமே தொள்ளாயிரம்தான் செய்திருந்தார்கள். ஒவ்வொன்றின் பாதத்திலும் அதன் எண் குத்தியிருக்கும்.

தொழிற்சாலையே ‘செக்கிங் அக்கா’ என்று கூப்பிடும் அவள், மேசையருகே இருந்த இரண்டு பெட்டிகளில் ஒன்றிலிருந்து முந்நூற்றுப் பன்னிரண்டாம் எண்ணை எடுத்துக் கண்ணாடித் தகட்டின்மேல் நிறுத்தினாள். குதிகாலுக்கடியில் மெல்லிய காகிதக் கீற்று ஒன்றைச் செருகிப் பார்த்தாள். காகிதம் முட்டிக்கொண்டு நின்றது. பாதம் படிந்திருக்கிறது என்று அர்த்தம். மயிரிழை தூக்கியிருந்தால்கூட கீற்று வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். பல்லின் வெள்ளை ஈறில் வழியவில்லை. உடம்பின் இரண்டு பாதிகளும் சேருகிற கோடு நகத்தில் தட்டுப்படவில்லை.

“அப்புறம் என்ன அண்ணி? கையெழுத்தப் போடுங்க. லாரிக்காரர் ஹாரன் அடிச்சு அடிச்சு ஓஞ்சே போயிட்டார்” என்றான் எதிரில் நின்றவன். அவள் கணவனின் தம்பி, அச்சுப் பிரிவின் பொறுப்பாளன். எட்டு மாதத்துக்கு முன் மேலாளரிடம் பேசி அவனை இங்கே சேர்த்துவிட்டதே அவள்தான்.

“இந்த ரெண்டு பெட்டியையும் யாரு கொண்டுவந்து வச்சது?”

“நான்தான். நீங்க ஏன் கீழ இறங்கி அலையணும்னு.”

“வீட்டுல தண்ணி மோந்து குடுன்னா காது கேக்காது. இங்க பெட்டி தூக்கிட்டு வர்றியா?”

அவன் சிரித்தான். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. அவள் படியிறங்கி, லாரிக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த பெட்டிகளின் நடுவிலிருந்து ஒன்றை இழுத்துப் பிரித்தாள். கையில் வந்தது எழுநூற்று நாற்பத்திரண்டு.

காகிதம் இதிலும் முட்டி நின்றது. பல் சுத்தம், ஈறு சுத்தம். ஆனால் விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தபோது, கணுக்காலைச் சுற்றி மினுக்குப்பூச்சு வளையமாக மங்கியிருந்தது. அதே பெட்டியில் இன்னும் மூன்றை எடுத்தாள். மூன்றிலும் வளையம், அதே உயரத்தில். வெந்நீரில் முக்கியிருக்கிறார்கள்.

ஏன் முக்கவேண்டும்? அச்சுக்குள் உருக்கிச் செலுத்தும் பிளாஸ்டிக் இறுகுவதற்கு நாற்பது வினாடி வேண்டும். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் உள்ளே இன்னும் குழைவாகவே இருக்கும். உடம்பின் கனம் தாங்காமல் கணுக்கால் முன்னால் மடங்கிவிடும். அதை வெந்நீரில் இளக்கி, நிமிர்த்திப் பிடித்து, பச்சைத் தண்ணீரில் போட்டால் நேராக நிற்கும். பார்த்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் மறுபடி சூடுபட்டால் அது பழைய மடங்கலுக்கே திரும்பப் பார்க்கும். வெயிலில் நிற்கும் கப்பல் பெட்டிக்குள் அந்தச் சூடு தாராளமாக வரும்.

அவள் மேலே வந்து, முந்நூற்றுப் பன்னிரண்டையும் எழுநூற்று நாற்பத்திரண்டையும் சோதனைக்கென்று வைத்திருக்கும் சூட்டுப் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். இரண்டின் மூக்குக்கும் நேரே பின்னால் அளவுகோல் வைத்தாள். முள்ளை அறுபது டிகிரியில் வைத்துக் கதவை மூடினாள்.

லாரி கிளம்பாததைப் பார்த்து மேலாளரே வந்துவிட்டார். “இன்னும் என்னம்மா வேடிக்கை?”

“மூக்கைப் பாருங்க சார். நாலு மில்லிமீட்டர் முன்னால போனா கனம் விரலைத் தாண்டிடும். அப்புறம் நிக்காது.”

மூவரும் கண்ணாடிக் கதவின் முன் நின்றார்கள். ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. கொழுந்தன் மூச்சை விட்டான். “பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல.”

எட்டாவது நிமிடத்தில் ஒரு மில்லிமீட்டர். பத்தாவதில் இரண்டு. முந்நூற்றுப் பன்னிரண்டு கல்லாக நின்றது. பக்கத்திலிருந்தது, எதையோ குனிந்து தேடுவதுபோல் மெதுவாகத் தலை கவிழ்ந்தது. மூன்று. மூன்றரை. மேலாளர் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டார். நான்கைத் தொட்டதும் சத்தமில்லாமல் குப்புற விழுந்தது.

“அப்ப மொத்தத்தையும் அரைக்கிற மெஷின்ல போடவா?” என்றார் மேலாளர்.

“எந்த எண்ணுலேருந்து சீக்கிரம் எடுத்தாங்கன்னு தெரிஞ்சா, அதுக்கு முந்தினது பொழச்சுக்கும் சார். அச்சுலேருந்து வர்ற வரிசையிலதான் எண் குத்துறோம். தெரியலன்னா தொள்ளாயிரமும் போச்சு.”

“யாருக்குத் தெரியும்?”

அவள் கொழுந்தன் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால், காட்டிக்கொடுத்தது அவள் என்றாகிவிடும். வீட்டில் அடுப்படி வரைக்கும் அந்தப் பேச்சு வரும். திரும்பாமல் இருந்தாலோ, நூற்றுக்கணக்கான நல்ல பொம்மைகள் பொடியாகலாம். கீழே ஹாரன் மறுபடி அடித்தது. அவன் வாய் திறக்காவிட்டால் தானே சொல்லிவிடுவது என்று அவள் முடிவெடுத்து, மேலாளர் பக்கம் திரும்பினாள்.

“அறுநூத்திப் பதினேழு” என்றான் அவன். “அதுலேருந்துதான் நாப்பது செகண்ட இருபத்தஞ்சாக்கினேன். யாரும் சொல்லல. லாரி வந்துடுமேன்னு நானா செஞ்சேன்.”

மேலாளர் அவனையே வெறித்துப் பார்த்தார். “நாளைக்குக் காலையில முதல் ஆளா என் ரூமுக்கு வா.” பிறகு அவளிடம், “அறுநூத்திப் பதினாறு வரைக்கும் அனுப்பிடலாமில்ல?”

“இருங்க சார்.” அவள் கொழுந்தனைப் பார்த்தாள். “அறுநூத்திப் பதினாறை எடுத்துட்டு வா. பதினஞ்சு, பதினாலும். ஐநூத்தித் தொண்ணூறும் ஒண்ணு.”

“அதான் சொல்லிட்டேனே. இப்பவும் நம்பலையா அண்ணி?”

“போய் எடுத்துட்டு வா.”

அவன் ஒரு கணம் நின்றான். பிறகு இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினான். அவள் விழுந்து கிடந்ததை எடுத்து ஓரமாக வைத்து, அளவுகோல்களைத் துடைத்து, நான்கு பொம்மைகளுக்கு இடம் விட்டு நிறுத்தினாள்.