பாதியில் நின்ற புரதம்

புரதம் மறுபடியும் பாதிதான் வந்திருந்தது.

புரதத்தின் அளவைக் காட்டும் ஃபிலிமில் விழுந்த கறுப்புக் கோட்டைச் சுடர்விழி ஸ்கேல் வைத்து அளந்தாள். கோடு பாதி அளவுப் புரதத்துக்குரிய இடத்தில் அப்படியே நின்றது. இந்த முறை புதிதாகத் தயாரித்த மாதிரி. தொட்டது அவள் ஒருத்திதான். நுஸைபாவின் நிழல்கூட அதன்மேல் விழவில்லை.

முதல் தடவை இப்படி வந்தது ஐப்பசி மழையில் கரண்ட் போன மறுநாள். அன்று தஞ்சாவூர் ஆய்வகத்தில் எல்லோர் முன்னாலும் சுடர்விழி பழியைப் போட்டாள்: உதவியாளர் நுஸைபா ஃப்ரீசரைச் சரியாக மூடவில்லை, புரதம் கெட்டு உடைந்துவிட்டது. மூடிவிட்டுத்தான் போனேன் என்றாள் நுஸைபா.

"திருவையாறு பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்துல கதவு எங்க ஞாபகம் இருக்கும்?" என்று சுடர்விழி கேட்க, ஆய்வகமே சிரித்தது.

அன்றிலிருந்து நுஸைபாவுக்குக் குடுவை கழுவுகிற வேலை. மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பதும் அனுப்புவதும் பேராசிரியர் ஜூலியட்டின் கையில்.

சுடர்விழி தன் மரபணு வரைபடத்தைத் திறந்தாள். ஆட்டு ஈரலிலிருந்து எடுத்த மரபணு. தைராய்டு சுரப்பை உடம்புக்கு உதவும்படி மாற்றித் தருகிற புரதம் அதிலிருந்து உருவாகிறது. அந்தப் புரதத்துக்கு உயிர்நாடி ஒரே ஒரு செலினியம் அணு. அது உட்கார வேண்டிய இடத்தில் மரபணுவில் இருப்பதோ, மற்ற மரபணுக்களில் 'நிறுத்து' என்று பொருள்படும் குறி. இங்கே நிறுத்தாதே, செலினியத்தை வை என்று செல்லுக்குச் சொல்வது மரபணுவின் வால்பகுதி.

அந்த வாலைத்தான் அவள் வெட்டியிருந்தாள். புரதத்தில் சேராத துண்டு எதற்கு என்று. அந்த மரபணுவை ஏற்றிய வளர்ப்பு செல்கள் குறியைப் பார்த்தன, நின்றுவிட்டன. ஃப்ரீசர் என்ன செய்யும்?

காது மடல் சுட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை. வாலைத் திரும்ப ஒட்டினாள், செல்களுக்குச் செலினியமும் ஊட்டினாள். புரதம் முழுசாக வந்தது.

ஜூலியட் மேடம் தன் அறையில் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பாத்தியா? ஃப்ரீசரை ஒழுங்கா மூடினா தானா வருது."

கழுவிய குடுவைகளோடு உள்ளே வந்த நுஸைபாவின் காதில் அது விழுந்தது. முகம் மாறவில்லை. குடுவைகளை ஓசை எழாமல் அடுக்கினாள். சுடர்விழியால் அதைத் தாங்க முடியவில்லை.

"ஃப்ரீசர் இல்ல மேடம். வாலை வெட்டினது நான். புரதம் கெடவே இல்ல, பாதிக்கு மேல உருவாகவே இல்ல. தெரிஞ்சும் நான் சொல்லல."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, நாளையிலிருந்து உன் பழைய மேசைக்கே போ என்றார் நுஸைபாவிடம். ஒப்பந்தத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றும் சொன்னார்.

நுஸைபா தலையசைத்தாள். பிறகு சுடர்விழியை நேராகப் பார்த்தாள்.

"அன்னைக்கு எல்லாரும் இருந்தாங்கக்கா. இப்ப நாம மூணு பேருதானே இருக்கோம்."

வெளியே சாப்பாட்டு நேரம். நீள மேசையைச் சுற்றி டிபன் பாக்ஸ் திறக்கிற சத்தம். அன்று எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்த அறிவுச்செல்வன், மீன் குழம்பு இருக்கிறது என்று சொல்லி இடம் ஒதுக்கினான். சுடர்விழி உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் நுஸைபா வந்து நிற்பது தெரிந்தது.

"எல்லாரும் ஒரு நிமிஷம்..."

யாருக்கும் கேட்கவில்லை. அவள் மறுபடி ஆரம்பித்தாள், சத்தமாக.