பிரவின்குமார் கேட்ட கேள்வி

சிங்கப்பூரில் முதல் நிறுவனத்தை வெளியிலிருந்துதான் பார்த்தோம். துறைமுகத்தை ஒட்டிய சரக்கு நிறுவனம் அது. காவலாளி உள்ளே விடவில்லை. எங்களுக்கான அனுமதி அடுத்த வாரத்துக்கு வாங்கப்பட்டிருந்தது. எங்களை அழைத்து வந்த பேராசிரியர் ராகவன் சார் அசரவில்லை. கல்லூரிப் பெயர் போட்ட பேனரை இரண்டு பையன்கள் விரித்துப் பிடிக்க, நாங்கள் பின்னால் நின்றோம். படம் எடுத்ததும் பஸ் ஏறினோம்.

அடுத்ததில் வரவேற்பறை வரை போனோம். பிஸ்கட் கொடுத்தார்கள். அங்கேயும் பேனர், படம். அதற்கு அடுத்தது சாக்லேட் தொழிற்சாலை. எங்களுக்குக் காட்டியது அதன் கடையை மட்டும்.

"இன்னாடி இது? எங்க அத்தா செருப்புக் கடையிலகூட வந்தவங்களை உள்ளே உக்கார வெப்பாரு" என்றாள் சுராயா. செங்கல்பட்டு பஜாரில் அவர்களுக்குக் கடை. வகுப்பில் நான் மனம்விட்டுப் பேசுவது அவளிடம் மட்டும்தான்.

"சும்மா இரு, சார் காதுல விழும்" என்றேன்.

"அவரு கோடாலித் தைலம் எங்க சீப்பா கிடைக்கும்னு கேட்டுகினு இருக்காரு. விழாது."

நான்காவது நிறுவனம்தான் எங்களை உள்ளே விட்டது. கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் சவ்வுகளைச் செய்கிறவர்கள். ஆளுக்கொரு ஹெல்மெட் கொடுத்து ஆலைக்குள் நடக்கவைத்தார்கள். மிஸ் லிம் என்ற பொறியாளர் ஒவ்வொரு குழாயருகிலும் நின்று விளக்கினார். உள்ளே ஆய்வக வாசனை. நான் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவள். எம்.பி.ஏ. சேர்ந்த பிறகு அந்த வாசனை என் பக்கம் வரவில்லை. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் கொஞ்சம் பின்தங்கியே நடந்தேன்.

பிறகு ஒரு கூடத்தில் உட்கார்ந்தோம். எங்கள் வகுப்பு எங்கே உட்கார்ந்தாலும் பெண்கள் இடப்பக்கம், பையன்கள் வலப்பக்கம். யாரும் சொல்ல வேண்டியதில்லை. கேள்வி கேட்பதிலும் ஒரு பழக்கம் இருந்தது. கல்லூரிக்கு விருந்தினர் யாராவது வந்து பேசி முடித்து "கேள்விகள் உண்டா?" என்றால் எழுந்திருப்பவன் பிரவின்குமார். கான்வென்டில் படித்தவன், ஆங்கிலம் தடங்கலின்றி வரும். ராகவன் சாரே அவனைத்தான் பார்ப்பார். கேள்வி பெரும்பாலும் பெண்கள் பக்கத்திலிருந்து போகும். பெண்கள் வரிசையின் ஓரத்தில் நான், பையன்கள் வரிசையின் ஓரத்தில் அவன். நான் குனிந்து சொல்வேன். அவன் எழுந்து கேட்பான்.

அன்றும் அவன் என் பக்கம் சாய்ந்தான். "வசு, இன்னா கேக்கலாம்? சீக்கிரம் சொல்லு."

சொன்னேன். ஐப்பசி மழையில் பாலாற்று முகத்துவாரம் உடைந்தால் எங்கள் பக்கத்துக் கடல் சில வாரங்களுக்குப் பழுப்பாகிவிடும். சதுரங்கப்பட்டினம் கரையில் தண்ணீர் எடுத்துத்தான் பி.எஸ்ஸி. புராஜெக்ட் செய்தேன், அவ்வளவு வண்டல். இங்கே கடல் வருடம் முழுவதும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது. எங்கள் கடலில் இந்தச் சவ்வு அடைத்துக்கொள்ளாதா?

அவன் எழுந்து அழகாகக் கேட்டான். மிஸ் லிம் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். அது எந்த இடம் என்றார். பிரவின்குமார் திரும்பினான். "பாலாறு" என்றேன். "பாலார், மேடம்" என்றான். அவர் பலகைக்குப் போய் வரைந்து வரைந்து பதில் சொன்னார். அவனைப் பார்த்தே சொன்னார். சில சமயம் என்னையும் பார்த்தார்.

பஸ்ஸில் பையன்கள் அவன் முதுகில் தட்டினார்கள்.

"மச்சான், இன்னா கேள்விடா அது!"

"எனக்கே புரியலடா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இறங்கியதும் எனக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தான்.

திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள் அந்த நிறுவனத்திலிருந்து ராகவன் சாருக்கு மெயில் வந்தது. கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலரும் அவர்தான். எங்கள் கடற்கரையில் ஒரு சோதனை ஆலை அமைக்கப் போகிறார்கள். ஆற்று முகத்துவாரத்தைப் பற்றிக் கேட்ட மாணவருக்கு சிங்கப்பூரில் ஆறு மாதப் பயிற்சி, பிறகு இங்கேயே வேலை. முதலில் தொலைபேசியில் நேர்காணல். சார் வகுப்பில் படித்துக் காட்டினார். எல்லோரும் பிரவின்குமாருக்குக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். சுராயா தட்டவில்லை.

"கேள்வி உன்னுது. போறது அவனா?" என்றாள். "போய் சார்கிட்ட சொல்லு. நீ போறியா, நான் போய்க் கத்தட்டுமா?"

போனேன். சொல்லி முடிக்கும் முன்பே ராகவன் சார் தலையாட்டினார்.

"தெரியும்மா. உன் பாயின்ட்டுதான். ஆனா எழுந்து கேட்டது அவன். ஆறு மாசம், தனியா, வெளிநாடு. உங்க வீட்ல விடுவாங்களா? யார் போனா என்ன, காலேஜ் பேருதானே? இன்டர்வியூ அன்னிக்கு நீ வந்து அவன் பக்கத்துல உக்காரு. எப்பவும் மாதிரி."

அணுபுரம் குடியிருப்பில் எங்கள் வீடு. அப்பா ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சிங்கப்பூர் பயணத்துக்கே ஆபீஸில் கடன் போட்டவர். அவரிடம் எதுவும் கேட்க எனக்குத் தயக்கம். ஆனாலும் கேட்டேன். "ஆறு மாசம் சிங்கப்பூர்ல ட்ரெயினிங்னா விடுவீங்களாப்பா?"

ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "அப்புறம் வேலை தராங்களா?"

"தராங்க."

"ஏன் விடமாட்டேன்? யார்கிட்ட பேசணும், சொல்லு. நான் வரேன்."

"வேண்டாம்ப்பா. நானே பேசிக்கிறேன்" என்றேன்.

நேர்காணல் ராகவன் சார் அறையில் நடந்தது. மேசை நடுவில் ஸ்பீக்கர் வைத்த தொலைபேசி. பிரவின்குமார் டை கட்டியிருந்தான். அவனுக்கு வியர்த்தது.

"வசு, கெமிஸ்ட்ரி எதுனா வந்தா நீ மெதுவா சொல்லு. கைவிட்டுடாத."

மிஸ் லிம்தான் பேசினார். படிப்பு, குடும்பம், விருப்பங்கள் எல்லாவற்றுக்கும் அவனே பதில் சொன்னான். பிறகு வண்டலை எந்தக் கட்டத்தில் பிரிக்கலாம் என்று நினைக்கிறாய் என்று கேட்டார். அவன் சாய்ந்தான். சவ்வுக்குத் தண்ணீர் போகும் முன்பே மணல் வடிகட்டியில் பிரிக்க வேண்டும், மழை மாதங்களில் அதை அடிக்கடி கழுவ வேண்டும் என்றேன். அவன் சொன்னான். அடுத்த கேள்விக்கும் அப்படித்தான்.

பிறகு மிஸ் லிம் சொன்னார்: "அன்று உன் பக்கத்தில் பச்சைத் துப்பட்டா போட்ட ஒரு பெண் இருந்தார். அவர் சொல்லச் சொல்லத்தான் நீ கேட்டாய். அவரோடும் நான் பேச வேண்டும். அங்கே இருக்கிறாரா?"

ராகவன் சார் இரண்டு கைகளையும் வேண்டாம் என்று ஆட்டினார். பிரவின்குமார் என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் எந்த முடிவும் இல்லை. நான் எதைச் செய்தாலும் தடுத்திருக்க மாட்டான்.

ஸ்பீக்கர் எனக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. இருக்கிறேன் என்றால் போதும். நானே பேசிக்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. வாய் திறந்தேன். குனிந்தேன். பிரவின்குமாரின் காதருகே போய், "நான் இருக்கேன்னு சொல்லு" என்றேன்.

அவன் ராகவன் சாரைப் பார்த்தான். பிறகு தொலைபேசியைப் பார்த்துத் தடங்கலில்லாத ஆங்கிலத்தில் சொன்னான். "இல்லை மேடம். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. இப்போது கல்லூரிக்கு வருவதில்லை."

"ஓ" என்றார் மிஸ் லிம். "என் வாழ்த்துகளைச் சொல்லிவிடு."

பிறகு பயிற்சி தொடங்கும் தேதியைச் சொன்னார்.

ராகவன் சார் மேசை இழுப்பறையைத் திறந்து கோடாலித் தைலத்தை எடுத்து நெற்றியில் தேய்த்துக்கொண்டார். அறை முழுக்க அந்த வாசனை. பிரவின்குமார் என் பக்கம் திரும்பவில்லை.

"அப்பாடா" என்றார் சார். "வசுமதி, காலேஜ் மலருக்கு ட்ரிப்பைப் பத்தி ஒரு பக்கம் வேணும். நீ நல்லா எழுதுவேன்னு சொன்னாங்க. அந்த ஊர்ச் சுத்தம், நேரம் தவறாமை, அப்புறம் நம்ம பிரவின் கேட்ட கேள்வி, கிடைச்ச வேலை. இதெல்லாம் வரட்டும்."

"சரி சார்" என்றேன்.

அது மட்டும் சத்தமாக வந்தது.