எச்சில் மருந்து

கழுத்தில் ஸ்கேன் எடுத்த படத்தை டாக்டர் ஷிஜா மேசைமேல் வைத்தார். பக்கத்து நாற்காலியில் என் கணவர் நாகேஸ்வரன் கழுத்தில் ஒட்டியிருந்த பசையைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தாறு வயது. பீடி சிகரெட் தொட்டதில்லை. கரமனை, கோட்டைப் பக்கத்துக் கல்யாணங்களுக்கு இருபத்தைந்து வருடமாக விறகடுப்பில் சமைத்தே நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர்.

"மாமி, சாமிக்க ரத்தக்குழாய் உள்பக்கம் தடிச்சிருக்கு. ஒரு எடத்துல கொழுப்பும் படிஞ்சிருக்கு. அறுபத்தஞ்சு வயசுக்காரருக்க கழுத்து மாதிரி."

"மூச்சு முட்டறதுன்னு வந்தா கழுத்த எதுக்குப் பாக்கறேள்?" என்றார் அவர்.

"நாள்பட்ட நுரையீரல் நோவு உள்ளவங்களுக்கு இது சீக்கிரமே வருது, சாமி. அங்க உள்ள வீக்கம் அங்கயே நிக்காது. ரத்தம் போற எடமெல்லாம் போவும். படி ஏறும்போ நெஞ்ச அடைக்குதுன்னீங்களே, அது இழுப்பு மட்டும் ஆயிருக்காது. ஹார்ட்டையும் பாக்கணும்."

"உருளியில வெச்ச பாயசம் பொங்கி அடுப்பங்கரை பூரா ஓடிடுத்துங்கறேள்."

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இன்ஹேலர் ஒழுங்கா எடுக்கீங்க, இல்லியா? காலம்பற ரெண்டு, வைகிட்டு ரெண்டு?"

"எடுக்கறேனே." என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"எடுத்தும் இப்பிடின்னா இந்த மருந்து போராது. கூட்டணும். மாத்திரையும் தொடங்கலாம்." டாக்டர் எழுத ஆரம்பித்தார்.

நான்கு வருடம் முன்பு, இன்ஹேலர் வாங்கிய முதல் வாரம், பழவங்காடியில் ஒரு கல்யாணம். நானும் கறிகாய் நறுக்கப் போயிருந்தேன். சாம்பார் கொதிக்கும்போது அவருக்கு இழுத்தது. ஓரமாய்ப் போய் மருந்தை வாயில் வைத்துவிட்டுத் திரும்பிக் கரண்டியை எடுத்தார். "வாயில வெச்சுண்டு எச்சில் கையோட கரண்டியத் தொடாதேங்கோ" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அலம்பிவிட்டேன் என்று கையை நீட்டிக் காட்டினார். "வாய் எச்சில்தானே?" என்றேன். என்னை யாரும் கேட்கச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு சமையல் நாட்களில் கடைசிப் பந்தி எழுந்திருக்கும்வரை அவர் மருந்தைத் தொட்டதில்லை. முகூர்த்த மாதங்களில் எல்லா நாளும் சமையல் நாள்தான். மற்ற நாட்களிலும் மெல்ல விட்டுப்போயிற்று. அடுப்படியில் தூணைப் பிடித்துக்கொண்டு தோள் ஏறி இறங்க அவர் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு, பூசணிக்காய் நறுக்கியிருக்கிறேன்.

ஆசாரம் என்றுதான் இதுவரை எனக்குள் சொல்லிவந்தேன். பேனா நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வேறொன்று தெரிந்தது. நாகேஸ்வரன் சமையல் என்றால் சுத்தம் என்று தெருவில் பேசும்போதெல்லாம் அந்தப் பெயர் என்னுடையது என்று ஒரு நிமிர்வு எனக்கு இருந்தது. அதை விட மனமில்லாமல் இருந்தேன். இப்போதும் வாயை மூடிக்கொண்டால் அது என்னிடமே இருக்கும். அவர் வேண்டாத மாத்திரையை விழுங்குவார்.

"எழுதாதேங்கோ டாக்டர். அவர் ஒழுங்கா எடுக்கல்லை."

"சூடாமணி, சும்மா இரு."

"நான்தான் விடல்லை. சமைக்கற நாள்ல வாயில வெச்சா எச்சில்னு."

பேனா நின்றது. "எத்தன நாளா?"

"நாலு வருஷம்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"அதனாலதான் குழாய் தடிச்சுதா?"

"அத யாராலயும் சொல்ல ஒக்காது, மாமி. புகையும் உண்டு, வேற காரணமும் இருக்கும். ஆனா மூச்சுக்கு உள்ள மருந்து போகல்லியே."

ஆமாம் என்றிருந்தால் அழுதிருப்பேன். இல்லை என்றிருந்தால் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பேன்.

டாக்டர் எழுதிய தாளைக் கிழித்துவிட்டு, இழுப்பறையிலிருந்து ஒரு புது இன்ஹேலரை எடுத்து அவரிடம் நீட்டினார். "சாமி, எனக்க முன்னால ஒருக்கா எடுங்க. சரியா எடுக்கீங்களான்னு பாக்கட்டு."

அவர் மூடியைக் கழற்றினார். வாய்வரை கொண்டுபோனவர் நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

அங்கே கரண்டி இல்லை, அடுப்பு இல்லை, பந்தி இல்லை. பழக்கத்தில் வந்த பார்வை. அனுமதி கேட்டுக்கொண்டு செய்கிறவனின் பார்வை. டாக்டரும் அதைப் பார்த்துவிட்டார்.

எடுங்கோ என்று சொல்ல வந்தேன். அதுவும் உத்தரவு கொடுப்பதுபோல்தான் இருக்கும் என்று பட்டது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் மருந்து பீச்சும் சத்தம் கேட்டது.