இருவர் எடைப் படகு

ஜுசாராவுக்குப் பிடிவாதம் அதிகம். ஐம்பத்தைந்து கிலோகூடத் தேறாத உடம்பை வைத்துக்கொண்டு, இருவர் ஓட்டும், இரட்டை மிதவை கொண்ட பதினாறடி கேட்டமரான் பந்தயப் பாய்மரப் படகைத் தனியாக ஓட்டுவேன் என்று நின்றாள். நூற்று முப்பது கிலோவாவது ஏறினால்தான் அது சொன்னபடி கேட்கும். கணவன் வால்மோர் மாரடைப்பில் போன பிறகு இல்யபேலா தீவில் இதுதான் அவளுக்கு முதல் பந்தயம். அந்தப் படகை விட்டால் அவனையே விட்டதாகிவிடும் என்று அவளுக்குப் பயம்.

"அவன் இடத்துல யாரையாவது ஏத்திக்க," என்றான் கிளப்பில் படகுகளைப் பார்த்துக்கொள்ளும் தொனிக்கோ. "இல்லன்னா பதினாலடி எடு. ஒருத்தர் ஓட்டுறது. உனக்குன்னே செஞ்ச மாதிரி சும்மா கிடக்கு."

"எடை குறைஞ்சா ஈயம் கட்டிக்கிறாங்கல்ல? நானும் ஏதாவது கட்டிக்கிறேன்."

"அஞ்சு கிலோ குறைஞ்சா கட்டலாம் தாயே. ஒரு ஆளே குறைஞ்சா?"

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தண்ணீர் நிரப்பிய கேன்களை வால்மோர் உட்காரும் இடத்தில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பயிற்சிக்குக் கிளம்பிவிட்டாள்.

தீவுக்கும் கரைக்கும் இடைப்பட்ட கடலில் தெற்குக் காற்று பிடித்தது. வால்மோராக இருந்தால் பாய்மரக் கம்பியில் தொங்கி, படகு கவிழாதபடி வெளியே சாய்ந்திருப்பான். கேனுக்கு என்ன தெரியும்? கட்டிய இடத்திலேயே கிடந்தது. படகு கவிழ்ந்தது. நிமிர்த்தும் கயிற்றைப் பிடித்து முழுப் பலத்தோடு பின்னால் சாய்ந்தாள். பாய்மரம் ஒரு முழம் எழும்பும், மறுபடி தண்ணீரில் படுத்துவிடும். கை தோலுரிந்த பிறகு, "வாயேன், சேர்ந்து இழு," என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.

விசைப்படகில் வந்த தொனிக்கோ கவிழ்ந்த படகில் ஏறி அவள் பக்கத்தில் நின்று கயிற்றைப் பிடித்தான். படகு ஒரே இழுப்பில் எழுந்துவிட்டது. அவ்வளவு சுலபமாக எழுந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் எல்லோரும் காலில் கடிக்கும் பூச்சிகளைத் தட்டிக்கொண்டு பந்தயத்துக்கு எடை பார்க்க வரிசையில் நின்றார்கள்.

"பதினாலடின்னே எழுதிக்கோ," என்றாள் ஜுசாரா, எடை குறித்துக்கொண்டிருந்த தொனிக்கோவிடம்.

"சரி, ஏறு."

அந்த எடை மேடை சின்னது. ஜோடியாக ஏறுகிறவர்கள் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டால்தான் இடம் போதும். அவளும் வால்மோரும் எப்போதும் அப்படித்தான் ஏறுவார்கள். அவள் ஏறியதும் முள் ஆடிக்கொண்டே இருந்தது, ஓரிடத்தில் நிற்கவில்லை. தொனிக்கோ குனிந்து பார்த்தான். மேடையின் இடது ஓரத்தில், பாதி பாதம் வெளியே நீட்டியிருக்க, ஒண்டி நின்றுகொண்டிருந்தாள்.

"நடுவுல வந்து நில்லு, ஜுசாரா," என்றான் மெதுவாக.

நடுவுக்கு வர அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.