அரைத்தாளம் பிந்தி வருகிறவன்

கழிவறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு தியொடுலோ மனைவியின் செல்பேசியை மறுபடியும் தொட்டார். திரை அணையப்போகிற நேரம். அணைந்தால் பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டால் திறக்க மெர்லிண்டாவின் கட்டைவிரல் வேண்டும். அந்த விரல் கூடத்தில், சவப்பெட்டிக்குள், கண்ணாடி மூடிக்கு அடியில், ஜெபமாலையைப் பிடித்தபடி கிடந்தது.

நேற்றுக் காலையிலிருந்து இதே பிழைப்புதான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சட்டைப் பையிலிருந்து எடுத்து ஒரு தட்டு, மறுபடி உள்ளே. இரவு முழுக்கச் சத்தத்தை அடைத்துப் பாட்டை ஓடவிட்டு, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பார்த்தவர்கள் பாவம், மனைவியின் நினைவாக வைத்திருக்கிறார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நினைவாவது ஒன்றாவது. அவர் திருடனைத் தேடிக்கொண்டிருந்தார்.

துணி துவைக்கும் கல்லருகே அவள் விழுந்து கிடந்தபோது, காதிலிருந்து கழன்ற பாட்டுக் கேட்கும் குமிழ் ஒன்று ஈரச் சிமெண்டில் கிடந்து பாடிக்கொண்டிருந்தது. ஆண் குரல். ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் அந்த ஆண் நிறுத்தவே இல்லை. ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்த பிறகு, தாதி துணி எடுக்கப் போன இடைவெளியில், இன்னும் சூடு ஆறாத கையைப் பிடித்துக் கட்டைவிரலைத் திரையில் வைத்து அழுத்தினார். இரண்டு தடவை திறக்கவில்லை. விரலைத் தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டு மூன்றாவது தடவை வைத்தார், திறந்தது. முப்பத்தொரு வருடம் பிடித்த கையை அவர் கடைசியாகப் பிடித்தது அதற்காகத்தான். அதை நினைக்கும்போதெல்லாம் அவருக்குத் தன் கைமேலேயே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் செல்பேசியைக் கீழே வைக்கவில்லை.

கருவிகளை அவர் என்றைக்கும் நம்பியதில்லை. இலோய்லோவிலிருந்து கட்டிக்ளானுக்கு அவர் ஓட்டும் பேருந்தில் ஓட்டுநரைப் பார்த்தபடி ஒரு காமிரா மாட்டியிருக்கிறார்கள். கொட்டாவி விட்டால் கூவும். அதற்குப் பயந்து வழியெல்லாம் மாங்காய் மென்றே பல் கூசிப்போனது. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் முழங்கால் வலி என்று முனகினார். மறுநாள் மகள் ஜெனலினின் செல்பேசியில் முழங்கால் தைலம் விளம்பரமாக வந்து நின்றது. அன்றிலிருந்து, வலித்தால் வெளியே போய் மாமரத்தடியில் நின்று முனகுவார்.

வீடும் வீடாக இல்லை என்பது அவர் கட்சி. முன்பு ஒரு வீட்டில் ஒரு பாட்டு ஓடும். எல்லாரும் திட்டிக்கொண்டே கேட்பார்கள். இப்போது ஆளுக்கொரு காது, ஆளுக்கொரு பாட்டு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனைவி எதற்குச் சிரிக்கிறாள் என்று புருஷனுக்குத் தெரியாது. கேட்டால், "ஒண்ணுமில்ல, சும்மா" என்பாள். அந்தச் சும்மாவுக்குப் பின்னால் யாரோ இருக்கிறான் என்று இரண்டு வருடமாக அவருக்கு அரித்துக்கொண்டிருந்தது.

இருந்தான். பெயர் சிப்பி. அவள் செல்பேசியில், ஊர் தெரியாத இருவர் சேர்ந்து பாடுகிற செயலி ஒன்று இருந்தது. ஒருவர் பாதி வரிகளைப் பாடி வைத்தால் இன்னொருவர் மீதியைப் பாடிச் சேர்க்கலாம். மெர்லிண்டா இருநூற்றுப் பதினான்கு பாட்டுப் பாடியிருந்தாள். இருநூற்றுப் பதினான்கும் சிப்பியோடுதான். அவனுடைய முகம் இருக்க வேண்டிய வட்டத்தில் ஒரு சிப்பி ஓட்டின் படம்.

பாடியதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாதது வேறு ஒன்று. அந்த ஆள் ஒவ்வொரு வரியிலும் அரைத்தாளம் பிந்திச் சேர்ந்தான். மெர்லிண்டா தன் வரியின் கடைசி எழுத்தைக் கொஞ்சம் நீட்டி, அவன் வந்து சேர்கிற வரைக்கும் பிடித்து நிறுத்தினாள். தெருவில் விழா என்றால் வாடகைக்குப் பாட்டுப் பெட்டி வரும். தியொடுலோ மைக்கைப் பிடித்தால் தாளம் தப்பும், தெருவே சிரிக்கும். அப்போது அவள் இப்படித்தான் இழுத்துப் பிடித்து அவருக்காக நிற்பாள். ஊரில் வேறு யாருக்கும் அவள் அப்படி நின்றதில்லை. அவருக்கென்று இருந்ததையே எடுத்து ஒரு சிப்பிக்குக் கொடுத்திருக்கிறாள்.

கதவு தட்டப்பட்டது. யாருக்கோ அவசரம். செல்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

கூடத்தில் பிற்பகல் வெயில் பாதி வரை வந்திருந்தது. தரையெல்லாம் கடலைத் தோல். துக்க வீட்டில் பெருக்கக் கூடாது. வந்தவர்களுக்கு நன்றி சொல்லக் கூடாது. போகிறவர்களை வாசல் வரை வழியனுப்பவும் கூடாது. அனுப்பினால் வீட்டில் அடுத்த சாவு விழும். வருகிறவர்கள் தாமாக வந்து, பெட்டியருகே நின்று அழுது, கோப்பையில் கொடுக்கிற காபியைக் குடித்துவிட்டு, தாமாகக் கலைந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஓரத்து மேசையில் மெர்லிண்டாவின் தங்கை பசிங் அண்டை வீட்டாரோடு சீட்டாடிக்கொண்டிருந்தாள். அழுது முடித்துவிட்டு ஆடுகிறாள், ஆடி முடித்துவிட்டு அழுவாள்.

பெட்டியின் கால்மாட்டில், இரண்டு மெழுகுவர்த்திகளுக்கு நடுவில், மலர் வளையத்தின்மேல் சாய்த்து ஜெனலினின் செல்பேசி நிறுத்தப்பட்டிருந்தது. பெட்டியைப் பார்த்தபடி.

தியொடுலோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவளின் பிணத்தை ஊருக்குப் படம் காட்டுகிறாள். எத்தனை பேர் இதயம் போட்டார்களோ. செல்பேசியை எடுத்துத் திருப்பினார்.

கறுப்புத் திரை. நடுவில் ஒரு சிப்பி ஓடு. கீழே நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு மணி நேரம், பதினோரு நிமிடம்.

நான்கு மணி நேரமாக அந்த ஆள் இந்தக் கூடத்தில் இருந்திருக்கிறான். எல்லாரையும் பார்த்துக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல்.

ஜெனலின் கஞ்சிக் கிண்ணத்தோடு சமையலறை வாசலில் நின்றுவிட்டாள்.

"இது யாரு?"

"அம்மாவுக்கு வேண்டியவங்கப்பா. நேர்ல வர முடியாது, அதான்."

"ஆம்பளையா?"

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். அதுவே போதுமான பதிலாக இருந்தது. மகளுக்கும் தெரிந்திருக்கிறது. வீட்டில் தெரியாதவர் அவர் ஒருவர்தான். சிவப்புப் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனார்.

"அத்தான், கைய எடுங்க." பசிங் சீட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வந்தவங்கள நாம அனுப்பக் கூடாது. அவங்களாத்தான் போகணும்."

"இவன் எங்க வந்தான்? இது ஒரு போனு."

"அக்காவப் பாக்க வந்திருக்காருல்ல. அப்ப வந்தவருதான்."

வீட்டில் ஒரு சாவு போதும் என்ற எண்ணத்தில் விரலை மடக்கிக்கொண்டார். ஆனால் துரத்தக் கூடாது என்றுதான் வழக்கம். கேட்கக் கூடாது என்று எந்த வழக்கமும் இல்லை. செல்பேசியை முகத்துக்கு நேரே தூக்கினார்.

"யாருடா நீ? எம் பொண்டாட்டியப் பாக்க வந்தவன் இருட்டுக்குள்ள எதுக்கு ஒளிஞ்சிருக்க? மூஞ்சியக் காட்டு."

சீட்டுகள் நின்றன. ஜெனலின், "அப்பா, வேணாம்" என்றாள், சன்னமாக. திரையில் நொடிகள் மட்டும் ஓடின. பயந்தாங்கொள்ளி என்று அவர் நினைத்து முடிக்கும்போது, பிந்தி, பாட்டில் கேட்ட அந்தக் குரல் வந்தது.

"காட்டலாமாப்பா?"

கறுப்பு விலகியது. வெள்ளைச் சமையல் தொப்பி, அவர் பார்த்திராத தாடி, பின்னால் தொங்கும் பெரிய கரண்டிகள். அழுது வீங்கிய கண். மகன் எல்மர்.

நான்கு வருடத்துக்கு முன்னால், பத்தொன்பது வயதில், அவன் அம்மாவின் பூப்போட்ட உடுப்பைப் போட்டுக்கொண்டு ஒரு பாட்டுக்கு வாயசைத்து இடுப்பை ஆட்டிப் படம் பிடித்துப் போட்டான். ஊரெல்லாம் பரவியது. நடத்துநர் அதைப் பேருந்துத் திரையிலேயே ஓடவிட, நாற்பத்தைந்து பேரும் வயிற்றைப் பிடித்துச் சிரிப்பதைத் தியொடுலோ கண்ணாடியில் பார்த்தார். வீட்டுக்கு வந்து, மகனின் செல்பேசியை அதே துவைக்கும் கல்லில் அடித்து உடைத்தார். இனி என் கண்ணுல மூஞ்சியக் காட்டாதே என்றார். அவன் கப்பல் சமையலறைக்குப் போனவன், சொன்ன சொல்லை அப்படியே காப்பாற்றினான். நேற்றும், இன்றும்கூட.

"அம்மா சத்தியம் வாங்கிட்டாங்கப்பா," என்றாள் ஜெனலின். "தெரிஞ்சா பாட்ட நிறுத்திடுவீங்கன்னு. சின்ன வயசுல மருந்து குடுத்தா வாயத் தொறக்கவே மாட்டானாம். சிப்பின்னுதான் கூப்பிடுவாங்க."

தியொடுலோவுக்கு அந்தப் பெயர் தெரியாது. மருந்து கொடுத்த நாட்களில் அவர் பேருந்தில் இருந்தார்.

நெஞ்சு வலித்தது. இந்தத் தடவை அது செல்பேசிக்குக் கேட்டாலும் பரவாயில்லை என்றிருந்தது. எதையாவது சொல்ல வேண்டும். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் பழகாதது. கடைசியில், கோபமாகவே வந்தது.

"நீ லேட்டாச் சேர்ற. ஒவ்வொரு வரியிலயும்."

நடுக்கடலிலிருந்து பதில் வரத் தாமதமானது. அவர் கையை அசைக்காமல் காத்திருந்தார்.

"அம்மாதான் நிப்பாங்களேப்பா."

அங்கே கப்பலில் வேலைக்கு அழைக்கிற மணி அடித்தது. எல்மர் ஒருமுறை திரும்பிப் பார்த்தான், போகவில்லை. தியொடுலோ செல்பேசியை மலர் வளையத்தின்மேல் பழையபடி சாய்த்து வைத்தார். பிறகு யோசித்து, அவனுக்கு அம்மாவின் முகம் தெரிகிற மாதிரி தலைமாட்டுப் பக்கம் நகர்த்தி வைத்தார். அவர் சட்டைப் பைக்குள் மெர்லிண்டாவின் செல்பேசி டிக்கென்று பூட்டிக்கொண்டது. அவர் எடுத்துப் பார்க்கவில்லை.

பசிங் எழுந்து வந்து, வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கிற மாதிரி, ஒரு கோப்பைக் காபியைத் திரைக்கு முன்னால் வைத்துவிட்டுச் சீட்டுக்குத் திரும்பினாள். காபியின் ஆவி பட்டு எல்மரின் முகம் மங்கியது. தியொடுலோ குனிந்து சட்டை நுனியால் அதைத் துடைத்தார்.