விட்டுக்கொடுப்புப் படிவம்

காய் நறுக்கும் கத்தியை அண்ணி துடைத்து அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். வெங்காயம் பாதி நறுக்கியபடி பலகையில் கிடந்தது.

"எதுக்கு அண்ணி பூட்டுறீங்க? இன்னும் நறுக்கி முடிக்கலையே."

"வேணாம்மா. நீ போய் உக்காரு." அண்ணி முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "குழந்தைங்க இருக்கிற வீடு."

நாத்தனார் பட்டாளத்துக்கு அது சட்டென்று விளங்கவில்லை. பதினாறு வருஷம் ராணுவத்தில் ஆயுதக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவள் அவள். ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள் இருந்த அறைகளின் சாவி அவள் கையில் இருந்தது. ஒரு தோட்டா குறைந்ததில்லை. ஓய்வு பெற்று அண்ணன் வீட்டுக்கு வந்த நாளில் தெரு வைத்த பேர்தான் பட்டாளம். அப்போது அதில் கேலி பாதி, மரியாதை பாதி இருந்தது. இந்த ஒரு மாதமாக மரியாதையைக் காணோம். அவள் தெருவில் இறங்கினால் பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையை உள்ளே இழுத்துக்கொள்கிறாள்.

எல்லாம் அந்தக் கடிதம் வந்த பிறகுதான். முன்னாள் படைவீரர்களுக்கென்று அரசு ஒதுக்கிய இடங்களில் ஒன்று, ஆவணக் கிடங்குப் பொறுப்பாளர் வேலை, அவளுக்குக் கிடைத்திருந்தது. கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு விதி இருந்தது. வீரர் மனநலம் குன்றியவர் என்று மருத்துவர் சான்று அளித்தால், அவர் எழுதிக்கொடுக்கும் சம்மதத்தின் பேரில், குடும்பத்தில் ஒருவருக்கு அந்த வேலை. போரில் புத்தி கலங்கி வந்தவர்களின் பிள்ளைகுட்டிகள் பட்டினி கிடக்கக்கூடாதென்று யாரோ நல்ல மனசோடு எழுதிய விதி. அண்ணன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகப் படித்தான். அவனுக்கு நாலு வருஷமாக வேலை இல்லை.

முதலில் நயமாகத்தான் கேட்டான். "உனக்கென்னம்மா, கொஞ்சமோ நஞ்சமோ பென்ஷன் வருது. புருஷனா, பிள்ளையா? ஒண்டிக்கட்டை. எனக்கு விட்டுக்கொடுத்துடேன்."

"அது என் வேலைண்ணா. சேர்ந்ததும் தனியா ஒரு வீடு பாத்துக்கலாம்னு இருக்கேன்."

அதற்கப்புறம் அவன் கேட்கவே இல்லை. அப்போதே அவள் பயந்திருக்க வேண்டும். பாவம், அண்ணன் சமாதானமாகிவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

கத்தியைப் பூட்டிய அன்றைக்கே சாயங்காலம், அண்ணனின் சிநேகிதர் என்று ஒருவர் வந்தார். டாக்டராம். கொடுத்த டீயைத் தொடாமல், ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே கேட்டார்.

"ராத்திரி எழுந்து எழுந்து கதவையெல்லாம் இழுத்துப் பாப்பீங்களாமே?"

"ஆமா சார்."

"போர்வை மடிப்பு கொஞ்சம் கோணினாக்கூட பிரிச்சுத் திரும்ப மடிப்பீங்களாம்?"

"ஆமா சார்."

"யாராவது உள்ள வந்தா விறைப்பா எழுந்து நிப்பீங்களாம்?"

"ஆமா சார்."

கேட்டதற்குப் பதில், அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. ராணுவத்தில் அப்படித்தான் அவளைப் பழக்கியிருந்தார்கள். ஏன் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தன் வாயாலேயே தனக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த அண்ணி பெருமூச்சு விட்டாள். அது துக்கத்தில் விட்ட பெருமூச்சு இல்லை.

மறுவாரம், வேலையில் சேர நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று அண்ணன் அவளை அலுவலகத்துக்கு அழைத்துப்போனான். வழியெல்லாம் அவள் முழங்கையை விடவில்லை. அறைக்குள் அதிகாரியும் அந்த டாக்டரும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனைப் பார்த்ததும் அதிகாரி "வாங்க, வாங்க" என்று சிரித்ததிலேயே எல்லாம் பேசி முடித்த விஷயம் என்று தெரிந்தது. ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இதுல ஒரு கையெழுத்து போடுங்கம்மா. வீட்டுல நல்லா ரெஸ்ட் எடுக்கலாம்."

அவள் முழுவதும் படித்தாள். மனநலம் குன்றிய நான் முழுச் சம்மதத்துடன் என் வேலையை என் அண்ணனுக்கு விட்டுத்தருகிறேன் என்று இருந்தது. பூட்டிய கத்தியும் பக்கத்து வீட்டுக்காரியும் டாக்டரின் நோட்டும் இப்போதுதான் புரிந்தன. வாழ்நாளில் முதல்முறையாக, கேட்காத ஒன்றை மேலதிகாரி முன்னால் வாய் திறந்து பேசினாள்.

"சார், புத்தி சரியில்லாதவ போட்ட கையெழுத்து செல்லுமா?"

அதிகாரி டாக்டரைப் பார்த்தார்.

"செல்லாதுன்னா இந்தத் தாள் எதுக்கு? செல்லும்னா நான் தெளிவாத்தான் இருக்கேன். அப்ப வேலை எனக்குத்தானே சார்?"

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பாத்தீங்களா? இப்படித்தான் குதர்க்கமா பேசுவாங்க. இதுவும் அந்த வியாதியோட அறிகுறிதான்."

அதிகாரிக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. "அப்ப கையெழுத்து வேணாம். கைநாட்டு போதும், விதியில இடமிருக்கு" என்று மணியை அடித்தார். பியூன் மைப்பெட்டியைக் கொண்டுவந்து திறந்து வைத்தான். பதினாறு வருஷம் பதிவேடு எழுதியவளிடம் கைநாட்டுக் கேட்கிறார்கள்! அண்ணன் குனிந்து அவள் இடது கையைப் பிடித்தான்.

"அடம்பிடிக்காதம்மா. அஞ்சு நிமிஷத்துல வீட்டுக்குப் போயிடலாம்."

அவள் கட்டைவிரலை உள்ளே அடக்கிக் கையை மூடினாள். அவன் விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தான், முடியவில்லை. நெற்றியில் வியர்த்துவிட்டது. அவள் குரலைக்கூட உயர்த்தவில்லை.

"உடைச்சாத்தான் வரும்ணா. உடை. டாக்டர் பக்கத்துலதானே இருக்காரு, எப்படி உடைஞ்சதுன்னு அவரே எழுதிக்கட்டும்."

அண்ணன் பிடியை விடாமல் அதிகாரியைப் பார்த்தான். அதிகாரி பியூனை வெளியே போகச் சொல்லிவிட்டு, எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார்.